பதினான்காம் குழிக்குப் பின்னால் ஒரு கிணறு

புல்லுக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வாசலில் நான்கடிக்கு நான்கடி புல் வளர்ப்பவர்கள்கூடக் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேர் மூச்சுவிட வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகல் வந்தால் பூச்சி வரும். முப்பது வருடமாக நான் இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் புருஷோத்தமன். வயது ஐம்பத்து மூன்று. லோத்குண்டாவில் சொந்த வீடு. என் கொள்ளுத்தாத்தா ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கிற வேலைக்காகச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சிகந்திராபாத்துக்கு வந்தவர். நான்கு தலைமுறையாக இதுதான் எங்கள் ஊர். தெலுங்கும் உருதுவும் நன்றாகப் பேசுவேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் தமிழில்தான் தப்பில்லாமல் எழுத வரும். இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். எந்த மொழியிலும் எழுதுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றார். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள். நான் எழுதாத அழுகையையும் கோபத்தையும் இதில் சேர்க்க வேண்டாம்.

படித்தது விவசாயம். இருபது வருடம் தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தின் தோட்டப் பிரிவில் இருந்தேன். விஞ்ஞானிகள் நடந்துபோகிற பாதையோரம் புல் வளர்ப்பது வேலை. அவர்களில் ஒருவராவது குனிந்து பார்த்ததில்லை. பிறகு ஊர் மாறியது. எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போக கோல்ஃப் மைதானம் தேவைப்பட்டது. ஜீடிமெட்லாவைத் தாண்டி, மேட்சல் சாலையில் பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். மைதானத்தின் பொறுப்பாளர் என்று என் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில் மைதானத்தை மூடினோம். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியையும் சுற்றி ஒரு புல்வட்டம் இருக்கும். கிரீன் என்பார்கள். பந்து உருளும்போது புல் அதைத் தடுக்கக் கூடாது, தரைவிரிப்பு மாதிரி இருக்க வேண்டும். பழைய கிரீன்களை எல்லாம் பிய்த்தெறிந்துவிட்டு அடியில் கல், அதன் மேல் மணல், நடுவில் துளைபோட்ட குழாய்கள் என்று புதிதாக அமைத்தோம். புதுப் புல்லை விதைக்க முடியாது. துண்டு துண்டாகக் கையால் நட வேண்டும். உகாதி கழிந்த முதல் சனிக்கிழமை திறப்பு விழா என்று கிளப் தலைவர் அறிவித்துவிட்டார்.

நடவுக்கு, வறட்சிக்குப் பேர்போன பாலமூரிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். பதினான்காம் குழிக்குப் பின்னால், பாறைகளுக்கு நடுவே, நீல பிளாஸ்டிக் விரிப்பில் பதினோரு கூடாரம் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு பழைய கல்கிணறு இருந்தது. குளிக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர். குடிக்க மட்டும் தினமும் ஒரு டேங்கர் லாரி வரும்.

அவர்களில் பாலமணி என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும். எட்டு வயது மகளோடு வந்திருந்தாள். புருஷன் இல்லை. புல்துண்டை இரண்டு விரலால் மணலில் அழுத்தி, கட்டைவிரலால் ஒருமுறை மூடுவாள். அவள் நட்ட வரிசையில் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. மற்ற பெண்கள் அவள் சொல்கிறபடி கேட்டார்கள். அவள் வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

குறை எல்லாம் மற்றதில்தான். காலையில் பாறை மறைவில் உட்கார்ந்துவிட்டு வந்து, அதே கையால் என் மணலைத் தொடுவார்கள். வெற்றிலைச் சாற்றைத் துப்புவார்கள். உள்பாவாடைகளை எல்லைக் கம்பியில் காயப்போடுவார்கள். கிளப் விருந்தில் மீந்ததைச் சமையல்கட்டுப் பின்வாசலில் வாங்கிக்கொண்டு போய், ஈ மொய்க்க மொய்க்க மறுநாள் வரை வைத்துத் தின்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். என் உதவியாளன் இர்பான், வாணியம்பாடிக்காரன், இருபத்தெட்டு வயது, "நாலு கக்கூஸ் கட்டிக் குடுத்துடலாம் சார்" என்றான். மூன்று மாதத்துக்கு வந்தவர்களுக்கு எதற்கு என்று நான் வேண்டாமென்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் மழை ஆரம்பித்தது.

ஹைதராபாத்தில் மார்ச்சில் மழை என்றால் ஒருநாள் புழுதியோடு பெய்து ஓய்ந்துவிடும். அந்த வருடம் விடவே இல்லை. மாம்பூ கொட்டியது. ஆலங்கட்டி விழுந்தது. வெயிலுக்காகக் காத்திருந்த என் இளம்புல் நாள்தோறும் சேற்றில் நின்றது. ஒரு வாரத்தில் ஆறாம் கிரீனில் பழுப்புத் திட்டு ஒன்று வந்தது. விரலால் புல்லைத் தூக்கினேன். பழைய கம்பளம் மாதிரி அப்படியே உரிந்து வந்தது. வேரே இல்லை. அடியில் புழு.

அந்தப் புழுவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுண்டுவிரல் பருமன். பால் நிறம். பழுப்புத் தலை. அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும். தோல் அவ்வளவு மெல்லியது, வயிற்றுக்குள் அது தின்ற மண் கருப்பாக வெளியே தெரியும். ஒரு சாண் இடத்தில் பதினாறு இருந்தன. ஒன்றை ஷூவால் நசுக்கினேன். வெளியே வந்தது நான் நட்ட புல்தான், கூழாக. அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

கிடங்கில் குருணை மருந்து இருந்தது. கிளப் வருவதற்கு முன் பக்கத்து நிலத்தில் கரும்பு போட்டிருந்தவர் விட்டுப்போன மூட்டைகள். மணல் மாதிரி இருக்கும். தூவினால் மண்ணில் கரைந்து வேர்வரை போகும். மூட்டையின் மேல் சிவப்பு முக்கோணம். அதற்குமேல் கடுமையான விஷத்துக்கு அடையாளம் கிடையாது. மனிதர் நடமாடுகிற புல்வெளிக்கு அது கூடாது என்பது முதல் வருட மாணவனுக்கே தெரியும். வேறு மருந்து வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார்கள். பத்து நாளில் புழு பதினெட்டு கிரீனையும் முடித்துவிடும்.

இர்பான் மூட்டையைப் பார்த்துவிட்டு, "சார், இது கீழ எறங்கினா தண்ணியில கலக்குமே" என்றான்.

"எல்லாம் மணல்லயே நின்னுடும்" என்றேன்.

நிற்காது. நிற்காமல் வடிவதற்காகத்தான் கல்லும் குழாயுமாக நானே முன்னின்று அந்தக் கிரீன்களைக் கட்டியிருந்தேன்.

கையுறை போட்டுக்கொண்டு நானும் இன்னொரு ஆளும் தூவினோம். வீட்டுக்குப் போனதும் என் மனைவி வேதவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கையில ஏன் இப்படிப் பூண்டு நாத்தம் அடிக்குது? நக்கோ, வேணாம், இந்தக் கையோட தட்டத் தொடாதீங்க" என்றாள். மூன்று தடவை சோப்புப் போட்டேன். நாற்றம் போகவில்லை. அன்று கரண்டியால் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. கிரீன்களின் அடிக்குழாய்கள் எல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, கிளப் கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற அழகுக் குளத்தில் விழும். மறுநாள் காலை குளத்து மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அன்று பார்த்துத் தலைவர் இரண்டு ஜெர்மானிய விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மீன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வந்தவர்களில் ஒரு பெண்மணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"புருஷோத்தம், ஐ டோன்ட் வான்ட் டு ஸீ திஸ் அகெய்ன்" என்றார் தலைவர்.

அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். இனிமேல் அவர் கண்ணில் படக் கூடாது. மீன்களை வலையில் வாரிப் புதைக்கச் சொன்னேன். புழுவோ இன்னும் சாகவில்லை. ஒன்பது கிரீன்களில் உயிரோடு இருந்தது. இன்னொரு தடவை, இரண்டு மடங்காகத் தூவ வேண்டும். தூவினால் மறுபடியும் குளத்துக்குத்தான் வரும். ஆகவே குழாயின் போக்கை மாற்றினேன். பதின்மூன்றாம் குழிப் பக்கம் ஒரு சிமென்ட் தொட்டியில் குழாய் இரண்டாகப் பிரியும். குளத்துப் பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்தேன். மறுபக்கம் ஒரு பழைய கல் ஓடைக்குப் போகிறது. ஓடை பாறைக்கு நடுவே இறங்கிக் கல்கிணற்றில் சேர்கிறது.

இன்ஸ்பெக்டர் இந்த இடத்தில் என்னை நிறுத்தி, தெரிந்தா செய்தீர்கள் என்று கேட்டார். அந்த மைதானத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் என் வேலை. தெரியாது என்று சொன்னால் என் படிப்புக்கு அர்த்தமில்லை.

ஆனால் அன்றைக்கு அவர்கள் குடிப்பது டேங்கர் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் குளிக்கத்தான். அதை நினைத்துத்தான் திறந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டேங்கர் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. மழையில் மண்சாலை கரைந்துபோனதால் டிரைவர் குறுக்கே, பதினொன்றாம் குழியின் புல்வெளி வழியாக வண்டியை விட்டான். ஏழாயிரம் லிட்டர் தண்ணீரோடு. இரண்டு சக்கரத் தடமும் ஒரு முழம் ஆழத்துக்கு, இருநூறு அடி நீளத்துக்கு இறங்கியிருந்தன. அதில் நின்ற தண்ணீரில் தவளை கத்திக்கொண்டிருந்தது. பாலமணியும் மற்றவர்களும் ஒரு வாரம் குனிந்து நட்டது அது. அவர்களுடைய உழைப்புக்காகவும்தான் எனக்குக் கோபம் வந்தது. கேட்டில் சொல்லி டேங்கரை நிறுத்தினேன். இர்பான் ஓடி வந்தான்.

"குடிக்க என்ன சார் பண்ணுவாங்க?"

"கிணறு இருக்குதே."

குழாயை நான் திருப்பியது அவனுக்கு அப்போது தெரியாது. "சரிங்க சார்" என்று போய்விட்டான்.

மறுநாள் ஒன்பது கிரீன்களிலும் இரண்டு மடங்கு தூவினேன். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் மழை கொட்டியது.

காலை பத்து மணிக்குக் கூடாரத்துப் பக்கமிருந்து ஆள் வந்தது. நடவுக்கு வந்தவர்களில் மல்லேஷ் என்று ஒருவன், அவன் தாய் சாயம்மா. இருவரும் கூடாரத்து வாசலில் கிடந்தார்கள். நான் போனபோது சாயம்மாவின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மண்ணில் குட்டையாக நின்றது. மல்லேஷுக்குத் தொடைச் சதை தானாகத் துடித்தது, தோலுக்கடியில் எதுவோ ஊர்கிற மாதிரி. இருவரும் உடுத்திய துணியிலேயே எல்லாம் போயிருந்தார்கள். அந்த நாற்றத்துக்கு நடுவில் பூண்டு வாடை லேசாக இருந்தது. எனக்கு அது பழக்கமான வாடை. நான் குனிந்து மல்லேஷின் இமையை விலக்கிப் பார்த்தேன். கண்ணின் மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்த மூட்டையின் மேல் இதெல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்கிறது. எந்த ஊசி போட வேண்டும் என்பதுவரை.

கிளப் வேனில் ஏற்றினோம். சீட்டில் பிளாஸ்டிக் விரிக்கும்வரை இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொன்னேன். கூடாரத்தில் மற்ற பெண்கள் மாரிலடித்துக்கொண்டு அழுதார்கள். பாலமணி அங்கே இல்லை. காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு மேட்சல் சந்தைக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் இன்னும் கஞ்சி குடித்திருக்கவில்லை. மல்லேஷும் தாயும்தான் அன்று முதலில் எழுந்து தண்ணீர் சேந்தியவர்கள்.

பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பெரிய டாக்டர் சாயந்திரம்தான் வருவார். பணியில் இருந்தவள் ரோஸ்லின் என்று ஒரு இளம் டாக்டர். நான் இர்பானிடம் பேசுவதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது.

"நீங்க தமிழா சார்? நல்லவேளை. எனக்கு நாகர்கோவில். இங்க வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. இவங்க சொல்லுற தெலுங்கு எனக்குப் புரியவே மாட்டேங்குது."

இர்பானை வேன் கழுவ அனுப்பினேன். அவள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது.

"சார், கண்மணி ரொம்பச் சுருங்கியிருக்கு. எச்சில் நிக்கல. பூச்சிமருந்து கேஸ் மாதிரி இருக்கு. அங்க ஏதாவது மருந்து அடிச்சீங்களா?"

"மழையில யாராவது மருந்து அடிப்பாங்களா டாக்டர்? எல்லாம் கழுவிட்டுப் போயிடாதா?" என்றேன்.

இது பொய் இல்லை. நான் ஒரு கேள்விதான் கேட்டேன். அது கழுவிக்கொண்டு போகும் என்பதும் உண்மை.

"அப்ப என்ன சாப்பிட்டாங்க?"

"முந்தாநாள் கிளப்புல ஒரு விருந்து. மிச்சத்தை எடுத்துட்டுப் போய் வெச்சுத் தின்னுருப்பாங்க. அதுக்கு மேல கள்ளு வேற. இங்கத்துக் கள்ளுல மயக்க மருந்து கலப்பாங்க, உங்களுக்குத் தெரியாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கென்னமோ அட்ரோபின் ஊசி போட்டுப் பாக்கலாம்னு தோணுது சார்."

"நீங்க டாக்டர். உங்களுக்குத் தெரியாததா? கள்ளு மயக்கத்துக்கு மேல அதப் போட்டு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேர்தானே கெடும். சின்ன வயசு, ஊரு விட்டு ஊரு வந்திருக்கீங்க. பெரியவர் வரட்டுமே."

அவள் என்னை நம்பினாள். ஊருக்கு வெளியே தன் மொழி பேசுகிற மனிதரை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் படித்தவன், தலை நரைத்தவன், நெற்றியில் திருமண் வேறு இட்டிருந்தேன். குளுக்கோஸ் ஏற்றினாள். மல்லேஷ் நாலு மணிக்குச் செத்தான். சாயம்மா ஆறு மணிக்கு. பெரிய டாக்டர் வந்து கெட்டுப்போன உணவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு உடம்பையும் ஒரே வண்டியில் பாலமூருக்கு அனுப்பினோம்.

நான் ஏன் சொல்லவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொன்னால் போலீஸ் வரும். மண்ணைத் தோண்டுவார்கள். பூட்ஸ் காலோடு கிரீன்மேல் நடப்பார்கள். சனிக்கிழமை திறப்பு விழா. இவர்கள் எங்கேயாவது, எதையாவது தின்று, ஏதோ ஒரு மழைக்காலத்தில் சாகிறவர்கள்தான். அன்று எனக்கு அப்படித் தோன்றியது. இப்போதும் அது முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூடாரங்களின் நாற்றத்தை நீங்கள் மூச்சில் இழுத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் கூடாரத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். கிணற்றில் ஏதோ இருக்கிறது, தண்ணீர் நாறுகிறது என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் போய்விட்டால் கடைசித் திட்டுகளை நட ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவர்களுக்குள் பேசி, என்னிடம் கேட்டு வரச்சொல்லிப் பாலமணியை அனுப்பினார்கள்.

நான் பதினான்காம் கிரீனில் நின்றிருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லை மிதிக்காமல் ஓரத்திலேயே நின்றாள். மற்றவர்களுக்கு இல்லாத மரியாதை அவளுக்குப் புல்லிடம் இருந்தது.

"சாரு, ஈ நீள்ளு தாகொச்சா?" என்றாள். இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று.

நான் பதில் சொல்வதற்கு முன், "மீரு சதுவுகுன்னோள்ளு. மீரு செப்தே விண்டாம்" என்றாள். நீங்கள் படித்தவர்கள், நீங்கள் சொன்னால் கேட்கிறோம்.

குடிக்காதே என்றால், ஏன் என்று கேட்பாள். டேங்கரைத் திரும்ப வரவழைத்தால், அதுவரை ஏன் நிறுத்தினீர்கள் என்று இர்பான் கேட்பான்.

"காச்சி தாகு" என்றேன்.

காய்ச்சிக் குடி. டாக்டர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், வானொலி எல்லாரும் சொல்வதுதான். அவள் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததை இர்பான்தான் எனக்குச் சொன்னான். அலுமினியக் குண்டானில் தண்ணீரை வைத்து, கொதித்த பிறகும் இறக்காமல் ரொம்பநேரம் விட்டிருக்கிறாள். மற்றவர்கள் தம்ளரை நீட்டியபோது கொடுக்கவில்லை. முதலில் நான் குடிக்கிறேன், மத்தியானம்வரை பாருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் நீங்கள் குடியுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். தாகம் என்று அழுத மகளுக்கும் கொடுக்கவில்லை. இரண்டு தம்ளர் குடித்துவிட்டு வேலைக்கு வந்து நடவு வரிசையில் உட்கார்ந்தாள். பதினொன்றரை மணிக்கு வரிசையிலேயே முன்பக்கமாகச் சாய்ந்தாள். முகம் ஈர மணலில் பதிந்துவிட்டது. அந்த இடத்தில் புல்லைத் திரும்ப நட வேண்டியிருந்தது.

இர்பான் அவளை வேனில் போட்டுக்கொண்டு போனான். வழியிலிருந்து எனக்கு போன் செய்தான்.

"சார், அதே மாதிரிதான் இருக்குது. நான் டாக்டர்கிட்ட குருணையைப் பத்திச் சொல்லப்போறேன்."

"சனிக்கிழமை முடியட்டும் இர்பான்."

"சார், அவ மூச்சுவிட முடியாம கெடக்கா சார்."

"அதத்தான் சொல்றேன். இனிமே சொல்லி என்ன பிரயோஜனம்?"

அவன் போனை வைத்துவிட்டான். போய்ச் சொல்லியும்விட்டான். ரோஸ்லின் உடனே ஊசி போட்டிருக்கிறாள், தன் காரிலேயே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பாலமணி மூன்று நாள் இருந்தாள். சனிக்கிழமை காலை போய்விட்டாள். முதல் பந்து அடிக்கப்பட்ட நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இருக்கும்.

விழா நன்றாக நடந்தது. அன்று மழை இல்லை. ஜெர்மானியர்கள் கிரீனில் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் தோளில் கை போட்டார். அவர் மேலிருந்து வந்த வாசனைத் திரவிய நெடியை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் வாந்தி எடுத்தேன். வெளியே வந்தால், தட்டுத் தட்டாக மீந்த கேக்கும் இறைச்சியும், புல்லில் நசுக்கிய சிகரெட்டும், என் மணல்குழியில் யாரோ துப்பிய எலும்பும். இவர்களுக்காகவா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இல்லை. இவர்களுக்காக இல்லை. புல்லுக்காக.

திங்கட்கிழமை ரோஸ்லின் மைதானத்துக்கே வந்தாள். கூடவே இர்பான். அவன் கையில் காலி மூட்டை. அவள் என்னைத் திட்டவில்லை.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அம்மாவும் மகனும் இப்ப உயிரோட இருப்பாங்க சார். ஊசி என் கையிலயே இருந்துச்சு. இந்தப் பொண்ணு குடிச்சிருக்கவே மாட்டா. ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"நீங்க அழுத்திக் கேக்கல டாக்டர்" என்றேன்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். என்னைப் பார்த்த அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆறாம் கிரீனில் புல்லைத் தூக்கியபோது அடியில் கிடந்ததை நான் பார்த்த பார்வை அது. அவளுக்கு என்னிடம் அப்படி என்ன அருவருப்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இர்பான் மூட்டையோடு போலீசுக்குப் போனான். எனக்கு அவன்மேல் வருத்தமில்லை. பாலமணியின் மகளை அவளுடைய சித்தி வந்து கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னான். கிணற்றை மூடிவிட்டார்களாம்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மருந்தைத் தூவியது நான். குழாயைத் திருப்பியது நான். டேங்கரை நிறுத்தியது நான். மல்லேஷுக்கும் சாயம்மாவுக்கும் என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்தும், அவர்களைப் பிழைக்கவைக்கும் ஊசியின் பெயர் தெரிந்தும், டாக்டரைத் திசைதிருப்பியது நான். பாலமணியிடம் காய்ச்சிக் குடிக்கச் சொன்னபோது, எவ்வளவு கொதித்தாலும் அந்த விஷம் போகாது, தண்ணீர்தான் குறையும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேரையும் கொன்றது நான்தான்.

இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். அந்தப் பெண் வந்து கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, சும்மாவாவது இருந்திருக்கலாமே, ஏன் காய்ச்சிக் குடிக்கச் சொன்னீர்கள் என்று.

அவள் அவ்வளவு மரியாதையாக வந்து கேட்டாள். நம்பிக் கேட்டவளைப் பதில் சொல்லாமல் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.